வீட்டு லேண்ட்லைனை எடுத்துவிட்டு கூகுள் வாய்ஸுக்கு மாறலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சியின் எடிசனில் இருக்கிறீர்கள். பதினான்கு வருடமாக ஒரே லேண்ட்லைன் எண், இணையத்தோடு சேர்த்து அதற்கு மாதம் 45 டாலர் கூடுதலாகப் போகிறது. பகலில் வீட்டில் 78 வயது மாமியார் மட்டும். நீங்கள் வீட்டிலேயே வீணை வகுப்பு எடுக்கிறீர்கள். மளிகைக் கடை நோட்டீஸ் போர்டில் உங்கள் செல்போன் எண்ணைப் போட்டதிலிருந்து ராத்திரி பத்து மணிக்கெல்லாம் அழைப்பு வருகிறது. கூகுளின் இணையவழித் தொலைபேசிச் சேவையைப் பற்றித் தோழி ஒருவர் "கூகுள் வாய்ஸ் இலவசம், வாய்ஸ்மெயில்கூட எழுத்தாக வந்துவிடும்" என்று சொல்லியிருக்கிறார். லேண்ட்லைன் எண்ணையே அதற்கு மாற்றிவிட்டு, வீட்டுக்கும் வகுப்புக்கும் அதையே வைத்துக்கொள்ளலாமா, இலவசச் சேவையை நம்பலாமா என்று கேட்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. வகுப்புக்குத் தனி எண்ணாக கூகுள் வாய்ஸ் சரிப்படுமா என்பது ஒன்று. அதற்கு என் பதில், தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். மாமியார் தனியாக இருக்கும் வீட்டின் போனாக அது இருக்கலாமா என்பது இன்னொன்று. அதற்கு வேண்டாம் என்பதுதான் பதில். இந்த இரண்டையும் ஒரே எண்ணில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் சென்னையில் தொலைத்தொடர்பு படித்தவன். பதினெட்டு வருடமாக இந்தப் பக்கத்துச் சிறு கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் இணையவழிப் போன்களைப் பொருத்திக் கொடுக்கிறேன். ஆகவே கம்பி, ரவுட்டர், எண் மாற்றம் இவற்றைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். உங்கள் வீட்டு வைஃபை எப்படி இருக்கிறது, உங்கள் வங்கி எந்த எண்ணை ஏற்கும் என்பதையெல்லாம் இங்கிருந்தபடி தீர்மானமாகச் சொல்ல முடியாது. அவற்றை நீங்களே சோதித்துப் பார்க்க வழி சொல்கிறேன். விதிகளும் கட்டணங்களும் மாறிக்கொண்டே இருப்பவை. பணம் கட்டும் முன் அன்றைய நிலவரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் இது என்ன சேவை என்று தெரிந்துகொள்வோம். 2005-இல் கிராண்ட்சென்ட்ரல் என்ற பெயரில் ஒரு சிறு நிறுவனம் தொடங்கியது. ஒருவருக்கு ஒரே எண், அதற்கு அழைப்பு வந்தால் வீடு, அலுவலகம், செல்போன் எல்லாம் சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் யோசனை. 2007-இல் கூகுள் அதை வாங்கியது. 2009 மார்ச்சில் கூகுள் வாய்ஸ் என்ற பெயரில் வெளிவந்து, 2010 ஜூனில் அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று ஆனது. ஆக இது நேற்று முளைத்த செயலி இல்லை. உங்களுக்கு ஓர் அமெரிக்க எண் கிடைக்கும். அழைப்பு வந்தால் செல்போனில் உள்ள செயலியிலும் கணினியிலும், விரும்பினால் வேறொரு போனிலும் ஒலிக்கும். அமெரிக்காவுக்குள்ளும் கனடாவுக்கும் பெரும்பாலான அழைப்புகள் இலவசம். மற்ற நாடுகளுக்கு முன்பணம் போட்டு நிமிடக் கணக்கில் பேச வேண்டும்.

"எப்படி இலவசமாகத் தருகிறார்கள்?" என்று நீங்கள் கேட்டது நியாயமான சந்தேகம். ஒரு காலத்தில் ஓர் ஊருக்கு அழைப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்க அந்த ஊர்த் தொலைபேசி நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டியிருந்தது. சில கிராமப்புற நிறுவனங்கள் அந்தக் கட்டணத்தை மிக அதிகமாக வைத்திருந்தன. அப்படிப்பட்ட எண்களுக்கு கூகுள் வாய்ஸ் அழைப்பைத் தடுத்ததும், 2009-இல் அதைப் பற்றிப் பெரிய தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி புகார் செய்ததும், அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசி விளக்கம் கேட்டதும் அந்த நாளில் பெரிய செய்தி. 2011-இல் எஃப்சிசி இந்தக் கட்டண முறையையே படிப்படியாகக் கரைக்க உத்தரவு போட்டது. இன்று அமெரிக்காவுக்குள் ஓர் அழைப்பைச் சேர்க்க ஆகும் செலவு மிகமிகக் குறைவு. வெளிநாட்டு அழைப்புக் கட்டணத்திலும், நிறுவனங்களுக்கு விற்கும் கட்டணச் சேவையிலும் வருமானம் வருகிறது. ஆகவே இலவசம் என்பதாலேயே அதில் ஏதோ சூது இருக்கிறது என்று பயப்பட வேண்டாம். இலவசத்துக்கு வேறு ஒரு விலை உண்டு. ஏதாவது சிக்கல் வந்தால் போன் செய்து பேச ஆள் கிடையாது. உதவிப் பக்கங்களைப் படித்து நீங்களே சரிசெய்துகொள்ள வேண்டும். வகுப்பு எண்ணுக்கு அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வீட்டு எண்ணுக்கு அது பெரிய குறை.

சரி, வகுப்புக்கு வருவோம். புதிதாக ஓர் எண் எடுங்கள். உங்கள் ஊரின் பகுதிக் குறியீடான 732-இல் தொடங்கும் எண் கிடைக்காமல் போகலாம். பக்கத்து ஊர் எண் கிடைத்தாலும் பரவாயில்லை, இந்தக் காலத்தில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. பதிவு செய்யும்போது சரிபார்ப்பதற்கு உங்கள் செல்போன் எண்ணைக் கேட்கும், கொடுங்கள். அப்புறம் செயலியின் அமைப்புகளுக்குள் போய் மூன்று காரியம் செய்யுங்கள். வகுப்பு நேரத்திலும் இரவிலும் அழைப்பு நேராக வாய்ஸ்மெயிலுக்குப் போகும்படி தொந்தரவு செய்யாதே என்ற வசதியைப் பழக்கிக்கொள்ளுங்கள். உங்கள் குரலிலேயே வாழ்த்துச் செய்தி பதிவு செய்யுங்கள்: தமிழில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி, பிள்ளையின் பெயரும் வயதும் சொல்லுங்கள் என்று ஒரு வரி. பிறகு அழைப்பவர் பெயரைக் கேட்கும் வசதியைப் போட்டுவிடுங்கள். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பவரைப் பெயர் சொல்லச் சொல்லி, அதை உங்களுக்குக் கேட்கவைத்த பிறகுதான் இணைக்கும். பெயர் சொல்லச் சொன்னதுமே தானியங்கி விளம்பர அழைப்புகளில் பாதி ஓடிவிடும்.

இதில் இன்னொரு பயனும் உண்டு, அது பலருக்குத் தெரிவதில்லை. கூகுள் எண்ணுக்கு வரும் அழைப்பை உங்கள் செல்போன் எண்ணுக்குத் திருப்பிவிட்டிருந்தால், நீங்கள் எடுக்காதபோது சில சமயம் செல்போன் நிறுவனத்தின் வாய்ஸ்மெயில் முந்திக்கொண்டு எடுத்துவிடும். செய்தி அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும், நீங்கள் கூகுளில் தேடிக்கொண்டிருப்பீர்கள். பெயர் கேட்கும் வசதி இருந்தால், எடுத்தவர் ஓர் எண்ணை அழுத்தி அழைப்பை ஏற்க வேண்டும். இயந்திரத்தால் அது முடியாது. செய்தி வர வேண்டிய இடத்துக்கே வரும்.

வாய்ஸ்மெயில் எழுத்தாக வருவதைப் பற்றித் தோழி சொன்னது உண்மைதான். ஆனால் உங்கள் விஷயத்தில் அதைப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினால் கிட்டத்தட்டச் சரியாக வரும். தமிழ் வந்தால் போச்சு. "டீச்சர், பாப்பாவுக்கு ராத்திரியிலிருந்து ஜுரம், இன்னிக்குக் கிளாஸுக்கு வரமாட்டா" என்று ஒரு அம்மா பேசினால், அந்த ஒலிகளையெல்லாம் ஆங்கிலச் சொற்களாகவும் ஆட்களின் பெயர்களாகவும் எண்களாகவும் எழுதி வைத்திருக்கும். உங்களிடம் வரும் பெற்றோரில் பாதிப் பேர் இரண்டு மொழியையும் கலந்துதான் பேசுவார்கள். எழுத்தை ஒரு அடையாளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், செய்தியைக் காதால் கேளுங்கள். ஒரு செய்தி மூன்று நிமிடம் வரைதான் பதிவாகும், வகுப்புக்கு அது தாராளம்.

இருபத்திரண்டு பெற்றோருக்கும் ஒரே நேரத்தில் "இன்று வகுப்பு இல்லை" என்று இந்த எண்ணிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பலாம் என்று நினைக்காதீர்கள். ஒரே வாசகத்தை வரிசையாகப் பலருக்கு அனுப்பினால் விளம்பரச் செய்தி என்று தடுக்கப்பட வாய்ப்பு அதிகம். அதற்கு வாட்ஸாப் குழுவே போதும். இலவசக் கணக்கு தனிநபர் பயன்பாட்டுக்கானது என்பதையும் மறந்துவிடாதீர்கள். வீட்டில் சொந்தமாக வகுப்பு எடுக்கும் ஒருவர் தன் எண்ணை மறைக்க இதை வைத்துக்கொள்வது பரவலான பழக்கம்தான். நாளைக்கு நீங்கள் இடம் பிடித்து, உதவிக்கு இரண்டு ஆசிரியர்களைப் போட்டு, பள்ளியாக நடத்தினால் அப்போது நிறுவனங்களுக்கான கட்டணச் சேவைக்குப் போவதுதான் முறை. ஆளுக்கு மாதம் 10 டாலரிலிருந்து அது தொடங்குகிறது.

குரல் தெளிவு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் தொழிலில் பாதி நேரம் இதில்தான் போகிறது. இணையவழிப் போன் உங்கள் குரலைப் பொதுவாக 20 மில்லிசெகண்ட் துண்டுகளாக நறுக்கி, நொடிக்கு 50 பொட்டலங்களாக அனுப்புகிறது. ஒவ்வொரு பொட்டலமும் சிறியது. பழைய குறியீட்டு முறையில்கூட ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் நொடிக்கு 90 கிலோபிட்டுக்கும் குறைவாகத்தான் தேவைப்படும். உங்கள் இணைய வேகத்தில் அது ஒரு துளி. ஆகவே "எங்கள் வீட்டில் 300 மெகாபிட் இருக்கிறது, போதுமா?" என்பது சரியான கேள்வி இல்லை. அந்தப் பொட்டலங்கள் ஒரே சீராக, தாமதமில்லாமல் போய்ச் சேருகின்றனவா என்பதுதான் கேள்வி. ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருப்பது நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைக்கிறது. அதைத் தாண்டத் தாண்ட இருவரும் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்வீர்கள்.

ஒரு பல் மருத்துவமனையில் தினமும் சாயங்காலம் நான்கு மணிக்கு மட்டும் குரல் விட்டுவிட்டுக் கேட்டது. காலையில் நான் போய்ப் பார்த்தால் எல்லாம் நன்றாக இருக்கும். போனை மாற்றினேன், கம்பியை மாற்றினேன், ரவுட்டரை மாற்றினேன். ஒருநாள் நான்கு மணிக்கு அங்கேயே போய் வரவேற்பு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். 3.58-க்கு ரவுட்டரின் விளக்கு வேகமாகச் சிமிட்ட ஆரம்பித்தது. அன்றைய கேமராப் பதிவையெல்லாம் நான்கு மணிக்கு இணையத்தில் ஏற்றும்படி யாரோ நேரம் குறித்து வைத்திருந்தார்கள். பதிவிறக்க வேகம் எவ்வளவோ இருந்தும், ஏற்றும் பாதை குறுகலானது. அந்தப் பெரிய கோப்புகளின் பின்னால் குரல் பொட்டலங்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தன. கேமரா ஏற்றும் நேரத்தை ராத்திரி இரண்டு மணிக்கு மாற்றினோம், பிரச்சினை தீர்ந்தது. உங்கள் வீட்டிலும் பிள்ளைகளின் போன்கள் புகைப்படங்களை ஏற்றும் நேரத்திலும், கணவர் வீட்டிலிருந்து வீடியோ மீட்டிங்கில் இருக்கும் நேரத்திலும் பேசிப் பாருங்கள். அதுதான் உண்மையான சோதனை. ஊர் தூங்கும்போது நன்றாகக் கேட்பதில் ஒன்றும் இல்லை. வீட்டு வைஃபை சரியில்லை என்று தெரிந்தால், செயலியின் அமைப்பில் இணையத்துக்குப் பதிலாகச் செல்போன் நிறுவனத்தின் வழியாகவே பேசும்படி மாற்றிக்கொள்ளலாம்.

நோட்டீஸ் போர்டில் எண் போடுகிறீர்கள் என்பதால் ஓர் ஏமாற்று வேலையைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி இதைப் பற்றியே தனியாக எச்சரித்திருக்கிறது. விளம்பரத்தைப் பார்த்து யாரோ செய்தி அனுப்புவார்: "என் மகளை வீணை வகுப்பில் சேர்க்க வேண்டும். ஆனால் நீங்கள் உண்மையான ஆளா என்று தெரிய வேண்டும். உங்களுக்கு ஆறு இலக்க எண் ஒன்று அனுப்புகிறேன், அதைத் திருப்பிச் சொல்லுங்கள்." வருவது கூகுள் வாய்ஸின் சரிபார்ப்பு எண். அதைச் சொல்லிவிட்டால், உங்கள் செல்போனைச் சாட்சியாக வைத்து அவர் தனக்கு ஒரு கூகுள் வாய்ஸ் எண் திறந்துகொள்வார். பிறகு அந்த எண்ணை வைத்து மற்றவர்களை ஏமாற்றுவார். எந்தக் காரணம் சொன்னாலும் உங்களுக்கு வரும் சரிபார்ப்பு எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள், மாமியாரிடமும் சொல்லி வையுங்கள். ஒருவேளை ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தால், உங்கள் சொந்தக் கூகுள் வாய்ஸ் கணக்கில் அதே செல்போன் எண்ணை மறுபடி இணைத்தால் அவருடைய கணக்கிலிருந்து அது கழன்றுவிடும்.

அடுத்தது வங்கி. வகுப்பு எண் அழகாக வேலை செய்கிறதே என்று வங்கி, மருத்துவக் காப்பீடு, வருமான வரிக் கணக்கு எல்லாவற்றிலும் இந்த எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். ஓர் எண் செல்போனா, லேண்ட்லைனா, இணையவழி எண்ணா என்று தேடிப் பார்க்கும் வசதி நிறுவனங்களிடம் இருக்கிறது. இணையவழி எண் என்றால் சில வங்கிகள் ஏற்பதே இல்லை. ஏற்றாலும், ஐந்து ஆறு இலக்கக் குறு எண்களிலிருந்து வரும் ஓடிபி சில சமயம் வந்து சேராது. சில இடத்தில் பல வருடம் வரும், ஒருநாள் காரணம் சொல்லாமல் நின்றுவிடும். அந்த நாள் நீங்கள் அவசரமாகப் பணம் அனுப்ப வேண்டிய நாளாக இருக்கும். ஓடிபி வர வேண்டிய இடமெல்லாம் உங்கள் செல்போன் எண்ணே இருக்கட்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு. கூகுள் கணக்கின் கடவுச்சொல் மறந்துபோனால் மீட்பதற்காகக் கொடுக்கும் எண்ணாக, அதே கணக்கில் உள்ள கூகுள் வாய்ஸ் எண்ணைக் கொடுக்கக் கூடாது. பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே போட்ட கதையாகிவிடும். உங்கள் எண், அதற்கு வந்த செய்திகள், வாய்ஸ்மெயில்கள் எல்லாம் அந்தக் கணக்கோடு கட்டப்பட்டவை. கணக்கு முடங்கினால் எண்ணும் முடங்கும். ஆகவே கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு போடுங்கள். மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதிப் பீரோவில் வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை கூகுளின் டேக்அவுட் வசதி வழியாக வாய்ஸ்மெயில்களைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கூகுள் கொடுத்த எண்ணைப் பல மாதங்கள் யாரும் பயன்படுத்தாமல் விட்டால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். கோடை விடுமுறைக்கு வகுப்பை மூடிவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவ்வப்போது அந்த எண்ணிலிருந்து ஒரு அழைப்போ செய்தியோ போனால் போதும்.

இப்போது லேண்ட்லைன். கூகுள் வாய்ஸின் இலவசத் தனிநபர் கணக்கிலிருந்து அமெரிக்காவின் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்க முடியாது. இதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை, கூகுளே அப்படித்தான் சொல்கிறது. 78 வயதுக்காரர் பகலில் தனியாக இருக்கும் வீட்டில் இந்த ஒரு காரணம் போதும். குளியலறைக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருவர் எந்தச் செயலி, எந்தப் போன் என்று யோசிக்க முடியாது. கையில் எது அகப்படுகிறதோ அதில் மூன்று எண்ணை அழுத்துவார். அது வேலை செய்தாக வேண்டும். பேச முடியாமல் போனாலும் முகவரி அந்தப் பக்கம் தெரிந்தாக வேண்டும். கட்டணம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு இணையவழிப் போன் தரும் நிறுவனங்கள் பதிவு செய்த முகவரியோடு 911 தர வேண்டும் என்று எஃப்சிசி 2005-இலேயே விதித்துவிட்டது. நீங்கள் கட்டும் 45 டாலரில் அதுவும் அடங்கியிருக்கிறது.

ஆனால் அந்த 45 டாலர் அவசியமா என்று பார்க்கலாம். இங்கே ஒரு காரியம் செய்யுங்கள். மாமியார் பேசும் போனின் கம்பி எங்கே போகிறது என்று கையால் தொட்டுக்கொண்டே போய்ப் பாருங்கள். சுவரில் உள்ள பழைய சதுரத் துளைக்குள் போய், அங்கிருந்து தெருவின் செம்புக் கம்பியோடு சேர்ந்தால் அது உண்மையான லேண்ட்லைன். அதற்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வருகிறது, சுமார் 48 வோல்ட். வீட்டில் கரண்ட் போனாலும் பேசும். அப்படி இல்லாமல் இணையத்துக்காக வைத்திருக்கும் மோடத்திலோ, ஃபைபர் பெட்டியிலோ போய்ச் செருகியிருந்தால், நீங்கள் லேண்ட்லைன் என்று நினைப்பது ஏற்கெனவே இணையவழிப் போன்தான். இணையத்தோடு சேர்த்துக் கட்டணம் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். அப்படியென்றால் கரண்ட் போனால் அதுவும் போகும்.

2012 அக்டோபரில் சாண்டி புயல் வந்தபோது நியூ ஜெர்சியில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பல வீடுகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. பாதிக்கப்பட்ட பகுதிகளில் செல்போன் கோபுரங்களில் நான்கில் ஒரு பங்கு செயலிழந்ததாக எஃப்சிசி அப்போது சொன்னது. 2015-இல், கரண்டை நம்பியிருக்கும் வீட்டுப் போன் சேவை தரும் நிறுவனங்கள் வாடிக்கையாளர் கேட்டால் எட்டு மணி நேர பேட்டரி வசதியை விலைக்குத் தர வேண்டும் என்று விதி வந்தது. பிறகு 24 மணி நேரத்துக்கும் அது நீண்டது. அந்த விதி 2025 செப்டம்பரில் காலாவதியாகிவிட்டது, ஆனாலும் பேட்டரி கிடைக்குமா என்று உங்கள் நிறுவனத்திடம் கேட்டுப் பாருங்கள். அவர்களாக எடுத்துச் சொல்லி நான் பார்த்ததில்லை. மோடத்துக்கு ஒரு சிறிய யூபிஎஸ் வைத்தாலும் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும்.

45 டாலரைக் குறைக்க வேண்டும் என்றால் லேண்ட்லைன் எண்ணை 911 உள்ள மலிவான வீட்டுச் சேவைக்கு மாற்றலாம். ஊமா போன்றவற்றில் பெட்டியை ஒருமுறை விலைக்கு வாங்கிவிட்டால், அடிப்படைத் திட்டத்துக்கு மாதாமாதம் வரியும் கட்டணங்களும் மட்டும் வரும். மாமியாரின் பெரிய பொத்தான் போனையே அதில் செருகிக்கொள்ளலாம், அவருக்கு எதுவும் மாறியதே தெரியாது. எண்ணை மாற்றும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பழைய இணைப்பை முன்கூட்டியே ரத்து செய்யாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர், பில் மிச்சமாகட்டும் என்று முதல் நாளே பழைய நிறுவனத்தை அழைத்து இணைப்பை நிறுத்திவிட்டார். மறுநாள் புதிய நிறுவனத்திடம் எண்ணைக் கேட்டால், அப்படி ஓர் எண் உயிரோடு இல்லை என்று பதில் வந்தது. பதினொரு வருடம் கடைப் பலகையில் இருந்த எண் போய்விட்டது. உயிரோடு இருக்கும் எண்ணைத்தான் மாற்ற முடியும். மாறி முடிந்ததும் பழைய இணைப்பு தானாக நிற்கும். போனும் இணையமும் ஒரே எண்ணில் கட்டப்பட்ட பழைய டிஎஸ்எல் இணைப்பாக, அதாவது தொலைபேசிக் கம்பி வழியாகவே இணையம் வரும் இணைப்பாக இருந்தால், எண் போகும்போது இணையமும் சேர்ந்து நின்றுவிடக்கூடும். அதையும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் லேண்ட்லைன் எண்ணை கூகுள் வாய்ஸுக்கே கொண்டுபோக வேண்டும் என்று தோன்றினால், அதை நேரடியாகச் செய்ய முடியாது. செல்போன் எண்களை மட்டுமே அது ஏற்கும். லேண்ட்லைன் எண்ணை முதலில் ஒரு ப்ரீபெய்டு செல்போனுக்கு மாற்றி, அங்கே நிலைத்த பிறகு 20 டாலர் கட்டி கூகுளுக்கு மாற்றுவார்கள். பலர் செய்திருக்கிறார்கள், நடக்கிறது. நடுவில் சில நாள் எண் இங்கும் இல்லாமல் அங்கும் இல்லாமல் ஊசலாடும். மாமியார் இருக்கும் வீட்டில் அந்தச் சில நாளையும் நான் விரும்ப மாட்டேன். மாறாக, வகுப்புக்காக எடுக்கும் புதிய எண் பின்னால் உங்களுக்கு முக்கியமாகிவிட்டால், அதை அங்கிருந்து வெளியே கொண்டுவருவது எளிது. கூகுள் கொடுத்த எண்ணை விடுவிக்க 3 டாலர் கேட்பார்கள்.

தமிழ்நாட்டில் இருக்கும் உங்கள் அம்மாவிடம் பேசுவது பற்றியும் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அவர் உங்கள் கூகுள் எண்ணுக்கு அழைத்தால் அது சாதாரண அமெரிக்க எண்தான், ஐஎஸ்டி கட்டணம் போகும். அம்மாவிடம் ஸ்மார்ட்போன் இருந்தால் வாட்ஸாப்பே நல்லது. பட்டன் போன் என்றால் நீங்கள் கூகுள் வாய்ஸில் முன்பணம் போட்டு அழைக்கலாம். நீங்கள் ஊருக்குப் போயிருக்கும்போது வைஃபையில் இந்த வகுப்பு எண்ணுக்கு வரும் அழைப்பை அங்கிருந்தே எடுக்கலாம், அது பெரிய வசதி. ஆனால் இந்தியாவில் இருந்துகொண்டு புதிதாகத் தனிநபர் கணக்குத் திறக்க முடியாது. அம்மாவுக்கும் ஓர் அமெரிக்க எண் வாங்கிக் கொடுக்கலாம் என்று யாராவது தயாராகத் திறந்த கணக்கை விற்க வந்தால் வாங்காதீர்கள். அது யாரோ ஒருவரின் பெயரில், யாரோ ஒருவரின் செல்போனை வைத்துத் திறந்ததாக இருக்கும்.

நீங்கள் இந்த வாரம் செய்யக்கூடியது: வகுப்புக்குப் புதிய எண்ணை எடுத்து, முதலில் நாலைந்து பெற்றோருக்கு மட்டும் கொடுத்து இரண்டு வாரம் பேசிப் பாருங்கள். சாயங்காலம் ஆறு முதல் எட்டு மணிக்குள் எப்படிக் கேட்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சரியாக இருந்தால் நோட்டீஸ் போர்டில் எண்ணை மாற்றுங்கள். லேண்ட்லைனை அதுவரை தொடாதீர்கள். வீட்டில் 4ஜி வழியாகவே பேசும் வசதி (வோல்ட்இ) உள்ள பழைய செல்போன் ஏதாவது கிடந்தால் சார்ஜ் போட்டு மாமியாரின் கட்டில் பக்கத்தில் வையுங்கள். அமெரிக்காவில் சிம் இணைப்பு இல்லாத செல்போனிலிருந்தும் 911-ஐ அழைக்கலாம். அவர்களால் திரும்ப அழைக்க முடியாது என்பதால் இணைப்பைத் துண்டிக்காமல் பேச வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுங்கள். அந்தக் கம்பி சுவருக்குள் போகிறதா, மோடத்துக்குப் போகிறதா என்று பார்த்து இங்கேயே எழுதுங்கள். எந்தச் சேவைக்கு மாற்றலாம், பேட்டரி எப்படிக் கேட்டு வாங்கலாம் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.